இன்டர்லாக் உள்ள இயந்திரங்களுக்கு சர்ஜ் பாதுகாப்பைக் கட்டாயமாக்குங்கள்: தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கும், மாவட்டங்களில் ஆய்வுக்கு வரும் இணை, துணை இயக்குநர்களுக்கும் வணக்கம்.

கோவைப் பக்கம் இயந்திரங்களுக்கு கன்ட்ரோல் பேனல் கட்டுவதும், பழுதான பேனலைச் சரிசெய்து கொடுப்பதும் என் தொழில். பவர் பிரஸ், பிளாஸ்டிக் மோல்டிங், காகிதம் வெட்டும் இயந்திரம், பேக்கிங் லைன் என்று எது வந்தாலும் பார்ப்பேன். கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதுகாப்புக் கதவின் இன்டர்லாக் (கதவு திறந்திருந்தால் இயந்திரத்தை ஓடவிடாத ஏற்பாடு), லைட் கர்ட்டன் (கை குறுக்கிட்டால் இயந்திரத்தை நிறுத்தும் ஒளித்திரை), இரண்டு கையாலும் அழுத்தும் பட்டன், எமர்ஜென்சி ஸ்டாப் ஆகியவை எலக்ட்ரானிக்ஸை நம்பி ஓடும் எந்த இயந்திரத்துக்கும் சர்ஜ், அதாவது கண நேரத்தில் எகிறி அடங்கும் மிகை வோல்டேஜ், தாக்காமல் பாதுகாப்பு இருந்தே ஆக வேண்டும் என்று விதி எழுதுங்கள். சர்ஜ் அடித்த பிறகு இன்டர்லாக்கைச் சோதித்துப் பார்க்காமல் அந்த இயந்திரத்தில் ஆளை நிறுத்தக் கூடாது என்றும் அதே விதியில் சேருங்கள்.

இப்போது கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் போய், 2020-ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணி நிலைமைகள் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. பழைய சட்டத்தின் 21-ஆம் பிரிவு ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு போடச் சொன்னது. 28-ஆம் பிரிவு லிஃப்ட் கதவுக்கு இன்டர்லாக் கேட்டது. அந்தக் காலத்து இன்டர்லாக் பெரும்பாலும் இரும்பு: கொக்கி, லிவர், கேம். பக்கத்தில் இடி விழுந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. இன்றைய இன்டர்லாக் 24 வோல்ட்டில் ஓடும் சின்னப் பெட்டி. உள்ளே சில ரிலேக்களும் ஒன்றிரண்டு மைக்ரோகன்ட்ரோலரும் இருக்கும். எழுதிய விதிகளோ இன்னும் இரும்பை நினைத்துத்தான் பேசுகின்றன. புதிய சட்டத்துக்கு ஏற்ப விதிகளைத் திருத்தும் இந்தச் சமயத்தை விட்டால், இன்னொரு தலைமுறை காத்திருக்க வேண்டியிருக்கும்.

சர்ஜ் என்றதும் எல்லாரும் இடியைத்தான் சொல்கிறார்கள். ஏப்ரல், மே கோடை மழையிலும், அப்புறம் வடகிழக்குப் பருவமழையிலும் எங்களுக்கு வேலை கூடுவது உண்மைதான். 11 கிலோவோல்ட், 22 கிலோவோல்ட் மேல்நிலைக் கம்பிக்குப் பக்கத்தில் மின்னல் இறங்கினாலே போதும், நேரடியாக விழ வேண்டியதில்லை. ஆனால் ஆலைக்குள்ளேயே தினமும் பிறக்கும் சர்ஜ்கள் ஏராளம். கெப்பாசிட்டர் பேங்க் உள்ளே வரும்போது, ஜெனரேட்டருக்கு மாறும்போது, பெரிய மோட்டார் நிற்கும்போது, இவ்வளவு ஏன், அதே பேனலில் இருக்கும் ஒரு கான்டாக்டரின் (மோட்டாருக்குக் கரண்டை விடும், நிறுத்தும் காந்த ஸ்விட்ச்) காயில் விடும்போதும் கூட வரும். இவை ஒவ்வொன்றாக எலக்ட்ரானிக்ஸைத் தேய்க்கின்றன. ஒருநாள் காரணமே இல்லாமல் கார்டு போனதாகத் தெரியும்.

“எங்களிடம் சர்வோ ஸ்டெபிலைசர் இருக்கிறதே” என்று முதலாளிகள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது மோட்டாரைச் சுழற்றி வோல்டேஜைச் சரிசெய்யும் கருவி. சோதனைக்கூடத்தில் சர்ஜுக்கு வைத்திருக்கும் அலை 8/20 மைக்ரோசெகண்ட்: 8 மைக்ரோசெகண்டில் உச்சத்துக்கு ஏறி, 20 மைக்ரோசெகண்டில் பாதியாக இறங்கிவிடும். ஸ்டெபிலைசரின் மோட்டார் அசைய ஆரம்பிக்கும் முன்பே எல்லாம் முடிந்துபோயிருக்கும்.

எண்களைப் பார்த்தால் இடைவெளி புரியும். 230/400 வோல்ட் அமைப்பில், கட்டடத்தின் நிலையான வயரிங்கிலும் பலகைகளிலும் 4 கிலோவோல்ட் வரை சர்ஜ் வரலாம் என்று வைத்துத்தான் காப்பை வடிவமைக்கிறார்கள். தொழிற்சாலை எலக்ட்ரானிக்ஸுக்கான ஐ.இ.சி. 61000-6-2 என்ற சர்வதேசத் தரமோ, ஏ.சி. சப்ளை முனையில் எர்த்துக்கு 2 கிலோவோல்ட், லைனுக்கு லைன் 1 கிலோவோல்ட் தாங்கினால் போதும் என்கிறது. டி.சி. முனைகளுக்கு அதைவிடக் குறைவு. வயரிங்குக்கு ஒன்றும் ஆகாத ஒரு சர்ஜ், சேஃப்டி ரிலேயை, அதாவது இன்டர்லாக்கின் சிக்னலைப் பார்த்து இயந்திரத்தை நிறுத்தும் அந்தச் சின்னப் பெட்டியை, தாராளமாகக் கொல்லலாம் என்பதே இதற்குப் பொருள்.

இங்கே நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். நல்ல சேஃப்டி ரிலே செத்தால், பெரும்பாலும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத்தான் சாகும். அப்படித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். இரண்டு சேனல் (ஒரே சிக்னலுக்கு இரண்டு தனிப் பாதை), ஒன்றையொன்று கண்காணிக்கும் கான்டாக்ட்கள், தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் வசதி எல்லாம் அதற்குத்தான். ஆனால் இரண்டு சேனலும் ஒரே எஸ்.எம்.பி.எஸ்.-ல் (24 வோல்ட் தரும் பவர் சப்ளை) இருந்து சாப்பிடுகின்றன. ஒரே சர்ஜ் இரண்டையும் சேர்த்துத் தாக்கலாம். இயந்திரங்களின் பாதுகாப்பு கன்ட்ரோலுக்கான ஐ.எஸ்.ஓ. 13849-1 தரம் இதை ஒத்துக்கொள்கிறது. பொதுக் காரணத்தால் இரு சேனலும் ஒன்றாகக் கெடுவதைத் தடுக்க என்ன செய்திருக்கிறீர்கள் என்று 100-க்கு மதிப்பெண் போடும் அட்டவணை அதன் 2015 பதிப்பின் எஃப் இணைப்பில் இருக்கிறது. குறைந்தது 65 வாங்க வேண்டும். அதில் மிகை வோல்டேஜ் போன்றவற்றிலிருந்து பாதுகாப்புக்கு 15 மதிப்பெண். நான் பார்த்த வடிவமைப்புத் தாள்கள் சிலவற்றில் அந்த 15-ஐக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்திருக்கிறார்கள். பேனலைத் திறந்தால் எஸ்.பி.டி. (சர்ஜை எர்த்துக்குத் திருப்பிவிடும் கருவி) என்று எதுவுமே இருக்காது.

அதைவிட மோசமானவை, சேஃப்டி ரிலேயே இல்லாமல் மலிவாகக் கட்டப்படும் இயந்திரங்கள். கதவு ஸ்விட்ச் நேராக ஒரு சாதாரண பி.எல்.சி.-யின் (இயந்திரத்தை ஓட்டும் சின்னக் கணினி) இன்புட்டுக்குப் போகும். அதன் டிரான்சிஸ்டர் அவுட்புட் கான்டாக்டரை இழுக்கும். சர்ஜில் அடிபட்ட டிரான்சிஸ்டர் பல சமயம் ஷார்ட் ஆகித்தான் சாகும். அப்புறம் கதவைத் திறந்தாலும் கான்டாக்டர் விடாது. திரையில் “கார்டு ஓப்பன்” (தடுப்புக் கதவு திறந்திருக்கிறது) என்று செய்தி ஒழுங்காக வரும், மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கும்.

சரி, இவை நேரடி ஆபத்து. கைகள் போவதற்கு அதிகமாகக் காரணமாவது இன்னொரு வழி என்பது என் கணிப்பு. இரவு ஷிஃப்ட், மழை, கரண்ட் போய் வருகிறது, ரிலே செத்துவிட்டது. கடை காலையில்தான் திறக்கும். அதுவும் அந்த மாடல் சென்னையிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வர வேண்டும். காலை ஏழு மணிக்கு வண்டியில் சரக்கு ஏற வேண்டும். சூப்பர்வைசர் எலக்ட்ரீஷியனைப் பார்க்கிறார். அவர் இரண்டு டெர்மினலுக்கு நடுவில் மூன்று அங்குல வயரைப் போடுகிறார்; இனி கதவு திறந்திருந்தாலும் மூடியதாகவே இயந்திரம் நினைக்கும். “லூப் பண்ணி விட்டிருக்கோம் சார், ரிலே வந்ததும் எடுத்துடலாம்.”

ரிலே வரும். லூப் போகாது. ஒரு பிரஸ் ஷாப்பில் பேனலைத் திறந்தபோது, புது சேஃப்டி ரிலே பெட்டி கூடப் பிரிக்காமல் பேனலின் அடியில் கிடந்தது. டெர்மினலில் லூப் அப்படியே இருந்தது. போட்டவர் வேலையை விட்டுப் போய்விட்டார், வந்தவருக்கு யாரும் சொல்லவில்லை. இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, அதுவும் முன்பைவிட வேகமாக. கதவு மூடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை அல்லவா?

இப்படிப்பட்ட இயந்திரத்தில் விபத்து நடந்தால் அறிக்கையில் என்ன எழுதப்படும்? தொழிலாளி கவனக்குறைவாகக் கையை உள்ளே விட்டார் என்று. பல மாதங்களுக்கு முன் ஒரு மழை நாளில் போன ரிலேயைப் பற்றி அதில் ஒரு வரியும் இருக்காது, கேட்கும் கட்டமும் படிவத்தில் இல்லை. இன்டர்லாக் விபத்தின்போது வேலை செய்ததா, லூப் இருந்ததா, அது எப்போது, எதனால் போடப்பட்டது என்ற கேள்விகளை விபத்து விசாரணையில் சேர்க்க உங்களுக்குச் சட்டத் திருத்தம் கூடத் தேவையிருக்காது. ஒரு சுற்றறிக்கை போதும்.

சர்ஜ் பாதுகாப்பைக் கட்டாயமாக்குவது எங்கும் நடக்காத காரியமும் இல்லை. அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பு 2017 பதிப்பில் 670.6 என்ற விதியைக் கொண்டுவந்தது. சேஃப்டி இன்டர்லாக் சர்க்யூட் உள்ள தொழில் இயந்திரங்களுக்கு சர்ஜ் பாதுகாப்பு பொருத்தியே ஆக வேண்டும் என்பது அதன் சாரம். அதே பதிப்பில் தீயணைப்பு பம்பின் கன்ட்ரோலருக்கும் எஸ்.பி.டி.-யைக் கட்டாயமாக்கினார்கள். அவசரகால மின் அமைப்பின் பலகைகளுக்கு அதற்கு முந்தைய 2014 பதிப்பிலேயே வந்துவிட்டது. மூன்றிலும் ஓடும் எண்ணம் ஒன்றுதான்: உயிரைக் காக்க வைத்த கருவி, பொருளைக் காக்கும் கருவிக்கு முன்னால் சாகக் கூடாது. பிற்பாடு வந்த பதிப்பில் ஒரு நியாயமான திருத்தமும் செய்தார்கள். சப்ளை வரும் வழியிலேயே போதுமான பாதுகாப்பு இருந்தால், இயந்திரத்தில் தனியாக வேண்டியதில்லை.

இயந்திரங்களின் மின் அமைப்புக்கு நாம் பின்பற்றும் ஐ.இ.சி. 60204-1 தரம் அவ்வளவு தூரம் போவதில்லை. அதன் 7.9 பிரிவு, எஸ்.பி.டி. பொருத்தலாம் என்று விட்டுவிட்டு, பொருத்தினால் எங்கே இணைக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. விருப்பம் என்று விட்டால் என்ன நடக்கும் என்பது விலைப்பட்டியல் போடும் எனக்குத் தெரியும். கொட்டேஷனில் முதலில் வெட்டப்படும் வரி அதுதான். வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்யும் அதே ஆலை அங்கே போகும் இயந்திரத்தில் எஸ்.பி.டி. வைக்கிறது, உள்ளூருக்குத் தரும்போது அந்த இடத்தைக் காலியாக விடுகிறது. பேனல் வரைபடம் ஒன்றே.

செலவைப் பற்றிப் பேசியாக வேண்டும், சிறு தொழில் செய்பவர்கள் இந்த மடலைப் படித்தால் முதலில் அதைத்தான் கேட்பார்கள். மூன்று பேஸுக்கும் நியூட்ரலுக்கும் சேர்த்து ஒரு டைப் 2 எஸ்.பி.டி. சில ஆயிரம் ரூபாய். ஒரு லைட் கர்ட்டன் போனால் அதைப் போலப் பல மடங்கு. கூடவே உற்பத்தி நின்ற கணக்கு. கட்டடத்துக்கு மின்னல் தாங்கி இருந்தாலோ, மேல்நிலைக் கம்பியிலிருந்து நேராக சப்ளை வந்தாலோ, பிரதான பலகையில் மின்னலின் கரண்டையே தாங்கும் டைப் 1 வேண்டியிருக்கும், அது கொஞ்சம் கூடுதல். பத்து இயந்திரம் உள்ள ஷெட்டுக்கு இது தாங்க முடியாத செலவு என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எனக்குக் கவலை வேறு இடத்தில். விதி வந்துவிட்டால், ஆய்வுக்காக ஒரு எஸ்.பி.டி.-யை வாங்கி எங்கேயாவது மாட்டிவிடுவார்கள். மாட்டுவதில்தான் எல்லாம் இருக்கிறது. லைனிலிருந்து எஸ்.பி.டி.-க்கும், அங்கிருந்து எர்த் பாருக்கும் போகும் வயரின் மொத்த நீளம் அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். ஒரு மீட்டர் வயருக்கு ஏறக்குறைய 1 மைக்ரோஹென்றி இண்டக்டன்ஸ். 10 கிலோஆம்பியர் 8 மைக்ரோசெகண்டில் ஏறினால், அந்த ஒரு மீட்டரில் மட்டும் 1250 வோல்ட் நிற்கும். எஸ்.பி.டி. எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்த வோல்ட் நேராக இயந்திரத்தின் தலையில்தான் விழும். அழகுக்காகச் சேனலுக்குள் சுற்றிக் கொண்டுபோய்ப் பச்சை வயரை மடித்துக் கட்டியிருக்கும் பேனல்களை எத்தனையோ பார்த்துவிட்டேன். உங்கள் ஆய்வாளரிடம் ஒரு டேப் இருந்தால் போதும், இதை ஒரு நிமிடத்தில் பிடித்துவிடலாம். எஸ்.பி.டி.-யின் முகப்பில் இருக்கும் சின்ன ஜன்னல் பச்சையா சிவப்பா என்று பார்ப்பதற்கு அதுகூட வேண்டாம். சிவப்பு என்றால் அது ஏற்கெனவே உயிரை விட்டுவிட்டது, பேனலில் வெறும் அலங்காரம்.

நியூட்ரல் கட் ஆவது தனிக் கதை. நம் ஊரில் அது அடிக்கடி நடக்கிறது. நியூட்ரல் விட்டால் லோடு குறைந்த பேஸில் வோல்டேஜ் 400 பக்கம் போய், சரிசெய்யும்வரை அங்கேயே நிற்கும். இது மைக்ரோசெகண்ட் விவகாரம் கிடையாது, எஸ்.பி.டி.-யால் தாங்கவும் முடியாது. சூடாகித் தன்னைத்தானே துண்டித்துக்கொள்ளும். அதற்கு ஓவர்வோல்டேஜ் ரிலே வேண்டும். விதியில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிட்டால், எஸ்.பி.டி. எரிந்துபோன முதல் நாளே “இது நம்ம ஊருக்கு ஒத்துவராது” என்று கழற்றிவிடுவார்கள்.

இன்னொன்றை உங்கள் தொழில்நுட்ப அலுவலர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் சர்ஜை அடக்கப் போய் ஆபத்தைக் கூட்டும் வழி இது. பேனலுக்குள் கான்டாக்டர் காயில், சொலினாய்டு வால்வு இவற்றின் சர்ஜை அடக்க டி.சி. காயிலுக்குக் குறுக்கே ஒரு டயோடு போடுவது வழக்கம். சர்ஜ் அடங்கும், ஆனால் காயிலில் கரண்ட் மெல்லத்தான் வடியும். கான்டாக்டர் விடும் நேரம் பல மடங்கு கூடும். பிரஸ்ஸில் லைட் கர்ட்டனை எவ்வளவு தூரத்தில் வைப்பது என்பதை ஐ.எஸ்.ஓ. 13855 தரம் இயந்திரம் நிற்கும் நேரத்தை வைத்துத்தான் கணக்கிடுகிறது. அருகில் வைக்கும் கர்ட்டனுக்குக் கை நகரும் வேகத்தை நொடிக்கு 2000 மில்லிமீட்டர் என்று எடுக்கிறார்கள். டயோடால் 50 மில்லிசெகண்ட் கூடினால், 100 மில்லிமீட்டர் கூடுதல் தூரம் வேண்டும். கர்ட்டனை யாரும் நகர்த்தப் போவதில்லை. டை (தகட்டை அழுத்தும் அச்சு) மூடும் முன் நிற்க வேண்டியது, விரல் உள்ளே போன பிறகு நிற்கும். வேரிஸ்டரோ, டயோடோடு சேர்ந்த ஜீனரோ என வேறு வகை சப்ரஸர் (சர்ஜ் அடக்கி) போட்டால் இந்தத் தாமதம் வெகுவாகக் குறையும். எதைப் போட்டாலும், நிற்கும் நேரத்தை மறுபடி அளந்து எழுதிவைக்க வேண்டும். சப்ரஸரைக் காயிலுக்குக் குறுக்கே மட்டுமே போட வேண்டும், சேஃப்டி கான்டாக்ட்டுக்குக் குறுக்கே ஒருபோதும் போடக் கூடாது. ஷார்ட் ஆகிச் சாகும் வேரிஸ்டர் கான்டாக்ட்டுக்குக் குறுக்கே இருந்தால், அதுவே நிரந்தர லூப்.

இதெல்லாம் மின் ஆய்வுத் துறையின் வேலை என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது சொல்லக்கூடும். மின் ஆய்வாளர் டிரான்ஸ்ஃபார்மர், ஜெனரேட்டர், எர்த் பிட், பிரதான பலகை வரை பார்க்கிறார். உங்கள் ஆய்வாளர் தடுப்பு இருக்கிறதா, கதவு மூடுகிறதா என்று பார்க்கிறார். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இயந்திரத்தின் பேனலை இருவருமே திறப்பதில்லை. இன்டர்லாக் வாழ்வதும் சாவதும் அங்கேதான். தலைமை மின் ஆய்வாளரோடு உட்கார்ந்து பேசி, இயந்திரத்தின் ஐசொலேட்டருக்கு (மெயின் ஸ்விட்ச்) பிறகு உள்ளதெல்லாம் யார் பொறுப்பு என்று ஒரே ஒரு பக்கத்தில் எழுதி வாங்கினாலே பாதி பிரச்சினை தீரும்.

விதியை எழுதும்போது முழுக்க இரும்பால் ஆன இன்டர்லாக்குகளை விட்டுவிடுங்கள். சாவி மாற்றும் பூட்டு போல மின்சாரமே இல்லாதவற்றுக்கு எஸ்.பி.டி. கேட்டால் சிரிப்பார்கள். பலகையிலேயே தகுந்த பாதுகாப்பு இருந்து, கேபிள் தூரமும் குறைவாக இருந்தால் இயந்திரத்தில் தனியாகக் கேட்க வேண்டாம். கட்டடத்துக்குக் கட்டடம் போகும் சேஃப்டி வயர்களுக்கு மட்டும் இரண்டு முனையிலும் கேளுங்கள், திறந்தவெளியில் ஓடும் நீண்ட 24 வோல்ட் வயர்தான் சர்ஜை உள்ளே கொண்டுவரும் இன்னொரு வாசல். புது இயந்திரங்களுக்கு உடனடியாகவும், ஓடிக்கொண்டிருப்பவற்றுக்கு இரண்டு ஆண்டு அவகாசமும் கொடுக்கலாம். பவர் பிரஸ்ஸும் காகிதம் வெட்டும் இயந்திரமும் அந்த வரிசையில் முன்னால் வரட்டும்.

லூப் போடுவதை முழுதாகத் தடைசெய்தால், மறைவாகப் போடுவார்கள். அதனால் ஒரு பதிவேடு கேளுங்கள்: எந்த இயந்திரம், எந்த டெர்மினல், யார் சொல்லிப் போட்டது, அதுவரை ஆளுக்கு என்ன மாற்றுப் பாதுகாப்பு, எந்த மணிக்கு எடுக்கப்படும். சூப்பர்வைசரின் கையெழுத்து கட்டாயம். எலக்ட்ரீஷியன் தலையில் மட்டும் கட்டக் கூடாது. இடி, நியூட்ரல் கட், பேனலில் எதாவது கார்டு எரிந்தது என்று எது நடந்தாலும், மறுபடி ஓட்டும் முன் ஒவ்வொரு கதவையும் திறந்து, ஒவ்வொரு எமர்ஜென்சி பட்டனையும் அழுத்தி, லைட் கர்ட்டனில் சோதனைக் கம்பியை விட்டுப் பார்த்து, அதே பதிவேட்டில் எழுத வேண்டும். ஒரு பிரஸ்ஸுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

வரைவு தயாரானால் கருத்துக் கேட்க ஆங்கிலத்தோடு தமிழிலும் வெளியிடுங்கள். பேனலைத் திறந்து லூப் போடுபவர்களும் எடுப்பவர்களும் படிக்க வேண்டிய விதி இது. வயர் நீளத்தால் எவ்வளவு வித்தியாசம், டயோடால் எவ்வளவு தாமதம் என்பதைப் பழைய பேனல் ஒன்றை வைத்து உங்கள் ஆய்வாளர்களுக்கு நேரில் அளந்து காட்ட நான் தயார். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் வசதி, மற்ற நாட்களில் யாராவது பேனலைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு பேனல் கட்டுபவர்,
கோயம்புத்தூர்